சூரியப் புயல் வந்தால் போனை அணைத்து வைக்கச் சொல்கிறார்களே, இதில் எது உண்மை?

குழப்பக்காரன் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அந்தச் செய்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது. இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை சூரியப் புயலின் கதிர்கள் பூமியைத் தாக்குமாம், செல்போனை அணைத்து உடம்பை விட்டுத் தள்ளி வைக்க வேண்டுமாம், நாசாவே சொல்லிவிட்டதாம். இதே செய்தி முன்பு காஸ்மிக் கதிர் என்ற பெயரில் வந்தது, நேரம்கூட மாறவில்லை, கதிரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். அது புரளி என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் சித்தப்பா ஒருவர் விடாமல், "1859ல் தந்திக் கம்பியே தீப்பிடித்தது, 1989ல் கனடாவில் ஒரு மாகாணமே இருட்டானது, அதெல்லாம் புரளியா?" என்று கேட்கிறார். தேடிப் பார்த்தால் அவர் சொல்வது இரண்டும் நிஜம்தான். இப்போது என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை.

என் கேள்வி இதுதான். போன், டிவி, ஃபிரிட்ஜ் இதெல்லாம் சூரியப் புயலில் கெடுமா கெடாதா? மாதக்கணக்கில் இணையம் போய்விடும் என்று வீடியோ போடுகிறார்களே, அதில் உண்மை எவ்வளவு? அப்புறம், 2024 மே மாதம் 20 வருடத்தில் இல்லாத பெரிய புயல் என்றார்கள், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, என் போன் நன்றாகத்தான் ஓடியது. அப்படியானால் எல்லாமே ஊதிப் பெருக்கியதுதானா? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள், நான் படித்தது வணிகவியல்.


வானம்பாடி77 எழுதியது:

முதலில் அந்த 12.30 கதையை முடித்துவிடலாம். நள்ளிரவில் சூரியன் உங்களுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது, நடுவில் ஏறக்குறைய 12,700 கிலோமீட்டர் பாறையும் இரும்பும். அதைத் துளைத்துக்கொண்டு உங்கள் தலையணை வரைக்கும் வரக்கூடியது நியூட்ரினோ என்ற நுண்துகள் மட்டும்தான், அது பகலிலும் இரவிலும் எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கிறது, யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அதுவும் எந்த நாட்டு 12.30 என்று அந்தச் செய்தியில் ஒருபோதும் இருக்காது, கவனித்திருக்கிறீர்களா?

சித்தப்பா சொல்வது வேறு விஷயம். சூரியப் புயல் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோமே தவிர, சூரியனிலிருந்து வருவது மூன்று வகை, மூன்றும் வேறு வேறு வேகத்தில் வந்து வேறு வேறு இடத்தில் கை வைக்கின்றன. இதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

சூரியப் பரப்பில் காந்தப்புலம் முறுக்கேறி அறுந்து மறுபடி இணையும்போது ஒரு பெரிய வெளிச்ச வெடிப்பு, அதுதான் சூரியச் சுடர். எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் ஒளி வேகத்தில் வருகின்றன, அதாவது 8 நிமிடம் 20 விநாடி. நமக்குத் தெரிவதும் அது வந்து சேர்வதும் ஒரே நேரம், எச்சரிக்கைக்கு இடமே இல்லை. இதை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகைப்படுத்துகிறார்கள், ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல் 10 மடங்கு. எக்ஸ் என்றால் பெரிது. ஆனால் இந்தக் கதிர்களை வளிமண்டலம் மேலேயே விழுங்கிவிடுகிறது, தரைக்கு வராது. பகல் பக்கத்து அயனிமண்டலத்தை, அதாவது ரேடியோ அலைகளைப் பாதிக்கும் மின்னூட்ட மேலடுக்கைத்தான் கலக்கும்.

இரண்டாவது புரோட்டான்கள். சில நேரம் அரை மணிக்குள்கூட வந்துவிடும். இவை காந்தப்புலக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு துருவப் பக்கம் இறங்குகின்றன. செயற்கைக்கோள்களுக்கும் விண்வெளி வீரர்களுக்கும் இதுதான் எமன். 1972 ஏப்ரலில் அப்போலோ 16, டிசம்பரில் அப்போலோ 17, நடுவில் ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரு பயங்கரமான புரோட்டான் புயல் வந்தது. நிலாவில் அந்த நேரம் ஆள் இருந்திருந்தால் கடுமையான கதிர்வீச்சு நோய் வந்திருக்கும் என்று பின்னால் கணக்குப் போட்டார்கள். அதே நாளில் வியட்நாமின் ஹைபோங்குக்குத் தெற்கே கடலில் அமெரிக்கக் கடற்படை போட்டிருந்த காந்தக் கண்ணிவெடிகள், பக்கத்தில் எந்தக் கப்பலும் இல்லாமல், தாமாகவே வெடித்தன என்பது தனிக் கதை. அதற்குக் காரணம் புரோட்டான் இல்லை, அடுத்து சொல்லப்போகும் மூன்றாவது ஆள்.

மூன்றாவது, சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும் மேகம். சி.எம்.இ என்பார்கள். நூறு கோடி டன் அளவில் மின்னூட்டத் துகள்கள், கூடவே தன் சொந்தக் காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. சாதாரணமாக இரண்டு மூன்று நாளில் பூமிக்கு வரும், 1859ல் வந்தது வெறும் பதினேழரை மணி நேரத்தில். மின்தடை, தந்திக் கம்பி, துருவ ஒளி எல்லாம் இந்த மூன்றாவது ஆள் வேலைதான். இது பூமியின் காந்தப்புலத்தை உலுக்குவதைத்தான் புவிகாந்தப் புயல் என்கிறார்கள், இதற்குப் பகல் இரவு பாகுபாடு கிடையாது.

இதில் எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருப்பது, மேகம் எவ்வளவு பெரியது என்பதைவிட அதன் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். வடக்கு நோக்கி இருந்தால் பூமியின் புலம் பெரும்பாலும் அதைத் தள்ளிவிட்டுவிடும். தெற்கு நோக்கி இருந்தால் இரண்டு புலங்களும் இணைந்து கதவு திறந்துகொள்கிறது. அந்தத் திசையை இன்று வரை முன்கூட்டியே நம்பகமாகக் கணிக்க முடியவில்லை. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல்1 என்ற புள்ளியில் ஏஸ், டிஸ்கவர், ஆதித்யா எல்1 போன்ற விண்கலங்கள் நிற்கின்றன. மேகம் அவற்றைக் கடக்கும்போதுதான் திசை தெரியும், அதன்பின் நமக்குக் கிடைப்பது 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். அதனால்தான் செய்திகளில் பெரும் புயல் வருகிறது என்று போட்டுவிட்டு அப்புறம் ஒன்றுமே நடக்காமல் போகிறது.


இரும்புக்கோர் எழுதியது:

மேலே நண்பர் வானத்தைச் சொல்லிவிட்டார், நான் கம்பியைச் சொல்கிறேன். பிழைப்பு துணை மின்நிலையத்தில்.

உங்கள் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: நீளம். புவிகாந்தப் புயலில் காந்தப்புலம் ஆடும்போது தரையில் ஒரு மின்புலம் தூண்டப்படுகிறது. கடுமையான புயலில் அது கிலோமீட்டருக்குச் சில வோல்ட். கிலோமீட்டருக்கு 2 வோல்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 500 கிலோமீட்டர் மின்பாதையின் இரண்டு முனைக்கும் நடுவில் அது 1,000 வோல்ட். உங்கள் போன் 15 சென்டிமீட்டர் நீளம், அதில் வருவது ஒரு மில்லிவோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. போனை அணைத்தாலும் ஒன்றுதான், ஆன் செய்து வைத்தாலும் ஒன்றுதான். ஃபிரிட்ஜ், டிவி, வண்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. அணுகுண்டை உயரத்தில் வெடித்தால் வரும் மின்காந்தத் துடிப்பில் சிறிய மின்னணுக் கருவிகளும் கெடும், அந்தக் கதையையும் சூரியப் புயலையும் போட்டுக் குழப்பித்தான் பல வீடியோக்கள் ஓடுகின்றன. அணுகுண்டில் வரும் அந்த முதல் அதிவேகத் துடிப்பு சூரியப் புயலில் கிடையவே கிடையாது. இதில் எல்லாம் மெதுவாக, விநாடிக் கணக்கிலும் நிமிடக் கணக்கிலும் மாறும்.

அந்த மெதுவான மாற்றம்தான் எங்களுக்குத் தலைவலி. 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஏ.சி.க்காகச் செய்த டிரான்ஸ்ஃபார்மருக்கு அது கிட்டத்தட்ட டி.சி. மாதிரி. பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களின் நியூட்ரலை, அதாவது சுருள்கள் ஒன்றுசேரும் நடுமுனையை, தரையோடு எர்த் செய்திருப்போம், அந்த வழியாகவே மின்னோட்டம் ஏறி, மின்பாதையில் ஓடி, அடுத்த நிலையத்து நியூட்ரலில் இறங்கிவிடுகிறது. கோர், அதாவது உள்ளே இருக்கும் இரும்புக் கரு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதியில் காந்தப் பூரிதம் ஆகிவிடும், அதற்கு மேல் காந்தப்புலத்தை உள்ளே பிடித்துவைக்க முடியாது. அப்புறம் காந்தப்புலம் கோருக்கு வெளியே கசிந்து தொட்டிச் சுவரையும் போல்ட்டுகளையும் சூடாக்கும், உறுமல் சத்தம் கூடும், வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கத் தேவையான ரியாக்டிவ் பவரை எக்கச்சக்கமாகக் குடிக்கும், ஹார்மோனிக்ஸ் எனும் தேவையற்ற அதிர்வெண்கள் கிளம்பி ரிலேக்களை, அதாவது ஆபத்தில் பாதையைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவிகளை, ஏமாற்றும்.

1989 மார்ச் 13 அதிகாலை கியூபெக்கில் நடந்தது இதுதான். வடக்கே ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் நிலையங்களிலிருந்து தெற்கே நகரங்களுக்கு 735 கிலோவோல்ட் பாதைகள், ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். வோல்டேஜைப் பிடித்து நிறுத்த நடுவில் வைத்திருந்த ஏழு ஸ்டேட்டிக் காம்பன்சேட்டர்களும் ஹார்மோனிக்ஸைப் பார்த்து ஆபத்து என்று நினைத்து ஒன்றன்பின் ஒன்றாக டிரிப் ஆகிவிட்டன. இது ஆரம்பித்ததிலிருந்து மொத்த மின்தொகுப்பும் விழுவதற்கு ஒன்றரை நிமிடம்தான் ஆனது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை, வெளியே கடுங்குளிர். கவனியுங்கள், அங்கே டிரான்ஸ்ஃபார்மர்கள் வெடித்துச் சிதறியதால் இருட்டாகவில்லை, பாதுகாப்புக் கருவிகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் போய்த் தொகுப்பு விழுந்தது. ரிலே செட்டிங் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நாங்கள் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லும் கதை இது. ஆனால் அதே புயலில் அமெரிக்காவின் சேலம் அணுமின் நிலையத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே வெந்து நாசமானது.

கியூபெக் ஏன் மாட்டியது என்றால் மூன்றும் சேர்ந்துவிட்டது: துருவத்துக்குப் பக்கம், மிக நீண்ட பாதை, கீழே கனடியக் கேடயம் எனும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத பழம்பாறை. தரை கடத்தாவிட்டால் மின்னோட்டம் கம்பியைத்தான் தேடும். பிறகு அவர்கள் பாதைகளில் தொடர் கப்பாசிட்டர்கள் போட்டார்கள், டி.சி.யை அது தடுத்துவிடும்.


சந்தேகப்பிராணி எழுதியது:

அருமையான விளக்கம், ஆனால் 35 வருடத்துக்கும் மேலாக இதே கியூபெக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2024 மே மாதம் ஜி5, அதாவது புவிகாந்தப் புயல் அளவுகோலின் உச்சி. 2003க்குப் பிறகு வந்த முதல் ஜி5. என்ன நடந்தது? மெக்சிகோ வரைக்கும் இளஞ்சிவப்பு வானத்தைப் படம் எடுத்து இன்ஸ்டாவில் போட்டார்கள். அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் குழம்பிவிடும் என்ற ஒய்2கே பயம் மாதிரி இதுவும் ஒரு வியாபாரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஒவ்வொரு முறையும் ஒரு நிபுணர் வந்து பயமுறுத்துகிறார், ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆவதில்லை.


சிற்றலை எழுதியது:

சந்தேகப்பிராணி, உங்களுக்குத் தெரியவில்லை என்பதற்கும் நடக்கவில்லை என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அண்ணா. அந்த மே மாதம் அமெரிக்காவின் நடுமேற்கில் விதைப்புக் காலம். அங்கே டிராக்டர்கள் சென்டிமீட்டர் துல்லியத்தில் ஜி.பி.எஸ் திருத்தத்தை வைத்து ஓடுகின்றன, அயனிமண்டலம் கலங்கியதில் அந்தத் துல்லியம் போய், விதைக்கிற நாளில் பலர் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார வேண்டியதாயிற்று. உங்கள் போன் மேப்பில் சில மீட்டர் பிசகினால் உங்களுக்குத் தெரியாது, வரப்பில் தெரியும்.

நான் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரன், எங்களுக்குச் சூரியன் எதிரியும் அதுதான் நண்பனும் அதுதான். ஏறக்குறைய 11 வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சூரியச் சுழற்சி உச்சத்தில் இருக்கும்போது அயனிமண்டலம் நன்றாகத் தடித்து, 10 மீட்டர் பட்டையில் வெறும் சில வாட்டில் கண்டம் தாண்டிப் பேசலாம். அதே சூரியன் ஒரு எக்ஸ் வகைச் சுடரை விட்டால், பகல் பக்கத்தில் கீழ் அடுக்கு திடீரென்று தடித்து எல்லா அலையையும் விழுங்கிவிடும், மொத்தப் பட்டையும் செத்த மாதிரி. ஆன்டெனா கேபிள் கழன்றுவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்ப்போம். குறைந்த அலைவரிசைகளுக்கு அடி அதிகம். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மெல்லத் திரும்பி வரும்.

இது பொழுதுபோக்கு என்று நினைக்கிறீர்களா? 2017 செப்டம்பர் 6ஆம் தேதி எக்ஸ்9.3 சுடர் ஒன்று வந்தது. அன்றைக்குத்தான் இர்மா சூறாவளி கரீபியன் தீவுகளை அடித்துக்கொண்டிருந்தது, செல் கோபுரம் விழுந்த இடங்களில் சிற்றலை வானொலிதான் ஒரே வழி, அந்த நேரம் பார்த்து அந்த அலைகளும் அடங்கிப்போயின. மழைக்கும் சூரியனுக்கும் சம்பந்தம் இல்லை, இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயல். ஆனால் தற்செயல்தான் ஆளைக் கொல்லும்.

இன்னும் ஒன்று, 1967 மே 23. பனிப்போர் உச்சம். அலாஸ்கா, கிரீன்லாந்து, இங்கிலாந்து மூன்று இடத்திலும் இருந்த அமெரிக்க ஏவுகணை எச்சரிக்கை ரேடார்கள் ஒரே நேரத்தில் குருடாயின. சோவியத்துதான் ரேடாரை மறைக்கிறது, அப்படிச் செய்வதே போர் நடவடிக்கை என்று விமானங்களைத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்க விமானப்படை அப்போதுதான் சூரியனைக் கண்காணிக்க ஒரு சின்னக் குழுவை வைத்திருந்தது, சூரியனில் பெரிய சுடர் வெடித்திருக்கிறது, ரேடாரை மறைப்பது சூரியனே என்று அவர்கள் சரியான நேரத்தில் சொல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிபுணர் வந்து பயமுறுத்துகிறார் என்றீர்களே, அங்கே நிபுணர் வந்துதான் பயத்தைத் தணித்தார்.


இரும்புக்கோர் எழுதியது:

சிற்றலை சொன்னதோடு சேர்த்து, அதே 2024 மே மாதம் நியூசிலாந்தின் மின்கடத்தல் நிறுவனம் டிரான்ஸ்பவர் என்ன செய்தது என்று பாருங்கள். புயல் அறிவிப்பு வந்ததும் தன் பாதைகளில் சிலவற்றை முன்னெச்சரிக்கையாகத் தானே நிறுத்தியது. ஏன் தெரியுமா, 2001 நவம்பரில் டனீடன் அருகே ஒரு டிரான்ஸ்ஃபார்மரை இதே மாதிரிப் புயலில் அவர்கள் இழந்திருக்கிறார்கள், அதன்பின் நியூட்ரல்களில் அளவுகருவி வைத்துப் பழகிவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் சொல்வது, ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டது. ஒய்2கே உதாரணம் நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள், அங்கேயும் லட்சக்கணக்கான வரி நிரலைத் திருத்தியதால்தான் ஒன்றும் நடக்கவில்லை.

துருவத்துக்குத் தூரமான நாடுகள் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் சொல்ல மாட்டேன். 2003 அக்டோபர் கடைசியில் வந்த புயல்களுக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில் பல டிரான்ஸ்ஃபார்மர்கள் அடுத்தடுத்த மாதங்களில் உள்ளே வெந்து கெட்டன என்று அங்குள்ள பொறியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே புயலில் சுவீடனின் மால்மோ நகரில் 50,000 பேருக்கு மின்சாரம் போனது ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வந்துவிட்டது, செய்தியாகவும் வந்தது. இன்சுலேஷன் மெல்ல வெந்து பல மாதம் கழித்துச் சாகும் டிரான்ஸ்ஃபார்மர் செய்தியாவதில்லை. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கடையில் போய் வாங்குகிற சாமான் இல்லை, ஆர்டர் கொடுத்தால் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், நூற்றுக்கணக்கான டன் எடை, ஒரே அளவில் இரண்டு கிடைப்பது அபூர்வம். எனக்கு உண்மையாகவே பயம் தருவது இது ஒன்றுதான்.


குழப்பக்காரன் எழுதியது:

நன்றி நன்றி. நீளம் என்ற ஒரே வார்த்தையில் பாதி தெளிந்துவிட்டது, அதை அப்படியே குழுவில் போட்டுவிட்டேன். சித்தப்பா உடனே அடுத்த கேள்வியோடு வந்துவிட்டார்: நீளம்தான் பிரச்சினை என்றால் கடலுக்கடியில் போகும் இணையக் கேபிள்தானே உலகத்திலேயே நீளம், அப்போது இணையம் போகுமா போகாதா? நல்ல கேள்வி கேட்கிறார் மனுஷன். அவருக்கு இதய பேஸ்மேக்கர் இருக்கிறது, அதையும் சேர்த்துக் கேட்கச் சொன்னார், கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறார் போல.


வானம்பாடி77 எழுதியது:

பேஸ்மேக்கர் முதலில், ஏனென்றால் அவர் இரவு தூங்க வேண்டும். தரையில் இருக்கும் மனிதருக்கு புவிகாந்தப் புயலால் ஆகும் காந்தப்புல மாற்றம் மிகக் கொஞ்சம். பூமியின் சாதாரணப் புலமே 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). மிகப் பெரிய புயலில் அது சில நூறு, அதிகம் போனால் ஆயிரத்துச் சொச்சம் நானோடெஸ்லா ஆடும். பேஸ்மேக்கர் உள்ளவர்களை மருத்துவர்கள் தள்ளி வைக்கச் சொல்லும் காந்தங்கள் இதைவிடப் பல மடங்கு பெரியவை, ஒரு சாதாரண ஸ்பீக்கர் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனாலே புயலைவிட அதிகம். நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

இணையம் விஷயத்தில் உங்கள் சித்தப்பா கேட்டதைத்தான் 2021ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாக ஆய்வாளர் சங்கீதா அப்து ஜோதியும் கேட்டார். அவர் கட்டுரைத் தலைப்பில் இணையப் பேரழிவு என்று ஒரு சொல் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு யூடியூப் இன்றுவரை ஓட்டுகிறது. அவர் சொன்னது இவ்வளவுதான்: கண்ணாடி இழையில் ஓடுவது ஒளி, அதைப் புயல் தொடாது. ஆனால் ஒளி போகப்போக மங்கும், அதனால் நீண்ட கடற்கேபிளில் 50 முதல் 150 கிலோமீட்டருக்கு ஒன்று என்று ரிப்பீட்டர்கள் இருக்கின்றன, அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கக் கேபிளுக்குள்ளேயே ஒரு கடத்தி முழு நீளத்துக்கும் போகிறது. அந்தக் கடத்தி நீளம்தான். எனவே மிகப் பெரிய புயலில் என்ன ஆகும் என்று யாராவது ஒழுங்காகப் பார்த்தீர்களா என்பதே அவர் கேள்வி.

பதில் ஓரளவு ஆறுதலாகவே இருக்கிறது. 1989 மார்ச் புயலின்போது அட்லாண்டிக்கில் டாட்-8 என்ற கேபிள் போட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது, அந்தக் கடலைக் கடந்த முதல் ஒளியிழைக் கேபிள் அது. அதில் 700 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் ஏறி இறங்கியதை அளந்தார்கள், கேபிள் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. இந்தக் கேபிள்களுக்கு ஊட்டும் மின்னழுத்தமே ஆயிரக்கணக்கான வோல்ட், நடுவில் ஏற்ற இறக்கம் வந்தாலும் மின்னோட்டத்தை நிலையாக வைக்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். கடல்நீரும் நல்ல கடத்தி. எனவே மாதக்கணக்கில் இணையம் போகும் என்பதை நான் நம்பவில்லை, சில கேபிள்கள் போகலாம் என்பதை மறுக்கவும் மாட்டேன். உண்மையில் கேபிளுக்கு முன்னால் மின்சாரம் போய்விடும், டேட்டா சென்டருக்கு டீசல் எத்தனை நாள் இருக்கிறது என்பதுதான் அப்போது கேள்வி.


சந்தேகப்பிராணி எழுதியது:

சரி, 1967 கதை நான் கேள்விப்படாதது, அதற்கு நன்றி. ஒய்2கே உதாரணத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் விலை கேட்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. 1859 மாதிரிப் புயல் எவ்வளவு அடிக்கடி வரும்? ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறை என்றால் அதற்காக எல்லா டிரான்ஸ்ஃபார்மரையும் மாற்றச் சொல்வீர்களா?


வானம்பாடி77 எழுதியது:

1859 செப்டம்பர் 1ஆம் தேதி ரிச்சர்ட் கேரிங்டன் என்ற வானியலாளர் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது இரண்டு வெள்ளைத் தீற்றல்கள் மின்னியதைப் பார்த்தார், வேறிடத்தில் ரிச்சர்ட் ஹாட்சன் என்பவரும் பார்த்தார். அடுத்த நாள் பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே தந்திக்காரர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு வானத்திலிருந்து கம்பியில் ஏறிய மின்னோட்டத்தை மட்டும் வைத்து இரண்டு மணி நேரம் செய்தி அனுப்பினார்கள். தீயைவிட எனக்கு இந்தக் கதைதான் பிடிக்கும். பம்பாயில் கொலாபா ஆய்வகக் காந்தமானியில் அன்று பதிவானது ஏறக்குறைய 1,600 நானோடெஸ்லா வீழ்ச்சி, 1989 புயலின் அளவு 589. இரண்டையும் அளந்த முறை ஒன்றல்ல, ஆகவே அப்படியே ஒப்பிட்டுவிடக் கூடாது, ஆனாலும் ஒரு அந்தாஸ் கிடைக்கிறது.

அடிக்கடி என்றால், 2012ல் வந்த ஒரு கணக்கு பத்து வருடத்துக்குச் சுமார் 12 சதவீத வாய்ப்பு என்றது, பின்னால் வந்த சில கணக்குகள் 2 சதவீதத்துக்கும் கீழே என்கின்றன. ஒரே ஒரு பெரிய நிகழ்வை வைத்துப் போடும் புள்ளியியல், அதனால் இவ்வளவு இடைவெளி. 2012 ஜூலை 23ல் அந்த அளவுக்கு ஒரு மேகம் நிஜமாகவே கிளம்பியது, பூமி அந்தப் பக்கம் இல்லாததால் தப்பித்தோம், ஸ்டீரியோ-ஏ விண்கலம் அதன் வழியில் நின்று அளந்து அனுப்பியது. அதையும் தாண்டி கி.பி. 774-775ல் ஒன்று வந்திருக்கிறது. விண்வெளித் துகள்கள் காற்றில் மோதும்போது உண்டாகும் கார்பன்-14 மரங்களின் ஆண்டு வளையங்களில் திடீரென்று ஏறியிருப்பதை ஜப்பானின் ஃபூசா மியாகே 2012ல் கண்டுபிடித்தார். அதற்குப் பக்கத்தில் 1859 சின்னப் பிள்ளை. கம்பியே இல்லாத காலம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.


இரும்புக்கோர் எழுதியது:

விலை கேட்டீர்களே. எல்லா டிரான்ஸ்ஃபார்மரையும் யாரும் மாற்றச் சொல்லவில்லை. நியூட்ரலில் மின்னோட்டத்தை அளக்கும் கருவி, முக்கியமான சில இடங்களில் நியூட்ரலில் கப்பாசிட்டர் அல்லது ரெசிஸ்டர், ரிலேக்களில் ஹார்மோனிக்ஸைத் தாங்கும் செட்டிங், கொஞ்சம் உதிரி. அப்புறம் புயல் அறிவிப்பு வந்தால் பராமரிப்புக்காக நிறுத்தி வைத்த பாதைகளைத் திரும்பச் சேர்ப்பது, சுமையைக் குறைப்பது என்று ஒரு எழுதிவைத்த நடைமுறை. கடைசியில் சொன்னதற்குக் காசே வேண்டாம், ஆனால் அதைத்தான் பல இடங்களில் செய்வதில்லை.


சிற்றலை எழுதியது:

விலை பற்றிப் பேசும்போது 2022 பிப்ரவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேஸ்எக்ஸ் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை 3ஆம் தேதி ஏவியது, முதலில் 210 கிலோமீட்டர் உயரத்தில் விட்டுப் பிறகு மேலே ஏற்றுவது அவர்கள் வழக்கம். அடுத்த நாள் ஒரு சின்னப் புயல், ஜி1 மாதிரி, செய்தியில்கூட வராத ரகம். மேல்வளிமண்டலம் சூடாகி உப்பியது, காற்றுத் தடை 50 சதவீதம் வரை கூடியது, ஏறக்குறைய 40 செயற்கைக்கோள்கள் ஏறவே முடியாமல் விழுந்து எரிந்துபோயின. பெரிய புயலுக்குப் பயந்து சின்னப் புயலைக் கவனிக்காமல் விட்டால் இதுதான்.


குழப்பக்காரன் எழுதியது:

கடைசியாக ஒன்று. நாங்கள் சாதாரண ஆட்கள் என்ன செய்ய வேண்டும்? நிஜமான அறிவிப்பையும் வாட்ஸ்அப் அறிவிப்பையும் எப்படிப் பிரிப்பது?


சிற்றலை எழுதியது:

நேரமும் தேதியும் எந்த நாட்டு நேரம் என்றும் இல்லாவிட்டால் குப்பை. போனை அணை என்று இருந்தால் அதுவும் குப்பை. அமெரிக்காவின் விண்வெளி வானிலைக் கணிப்பு மையம் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் கீழ் இருக்கிறது, அவர்கள் தளத்தில் மூன்று எழுத்து பார்ப்பீர்கள்: ஆர் என்றால் வானொலி முடக்கம், எஸ் என்றால் கதிர்வீச்சு, ஜி என்றால் புவிகாந்தப் புயல், ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை. வானம்பாடி சொன்ன மூன்று வகையும் அப்படியே வரிசையாக இருக்கிறது. ஜி1, ஜி2 எல்லாம் அடிக்கடி வரும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஜி4, ஜி5 என்றால் ட்ரோன் பறக்கவிடாதீர்கள், நில அளவை வேலை இருந்தால் தள்ளிப் போடுங்கள், மின்சாரம் போனால் சமாளிக்க டார்ச்சும் தண்ணீரும் பவர் பேங்கும் வையுங்கள், வேறு எந்த மின்தடைக்கும் வைப்பதுதான். மின்சாரம் போய்விட்டால் ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், திரும்பி வரும்போது வோல்டேஜ் தாறுமாறாக வரலாம், அதற்காக. போனை அணைக்காதீர்கள், அறிவிப்பு வருவதே அதில்தான்.

சூரியச் சுழற்சி 25ன் உச்சக் கட்டம் வந்துவிட்டது என்று நாசாவும் நோவாவும் 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். உச்சம் தாண்டி இறங்கும் வருடங்களிலும் பெரிய புயல் வரும், 2003ல் வந்தது அப்படித்தான். அதனால் அந்த 12.30 செய்தி இன்னும் சில தடவை வரும், இந்தத் திரியைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவுக்கு ஆர்வம் இருந்தால் சூரியப் புள்ளிகளைப் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் அதற்கென்று விற்கும் சூரிய வடிகட்டிக் கண்ணாடியில் மட்டும். பைனாகுலரில் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கக் கூடாது, வடிகட்டி பைனாகுலரின் முன்பக்க லென்ஸில் இருக்க வேண்டும்.